முதுகெலும்பில் சிமென்ட் வைக்கும் சிகிச்சை: யாருக்கு, எப்போது, எப்படி

பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வேகத்தடையில் ஒரு குலுக்கல். குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கியது. பாத்ரூமில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தது. எலும்பு மெலிந்துபோன வயதில் ஒரு முள்ளெலும்பு அமுங்கி உடைய இவ்வளவு போதும். சிலருக்குப் பலமாகத் தும்மியதே காரணமாக இருந்துவிடுகிறது. மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சேரும் இடத்தில் இருக்கும் டி12 (மார்பு முதுகின் கடைசி எலும்பு), எல்1 (இடுப்பு முதுகின் முதல் எலும்பு) என்ற இரண்டு எலும்புகள்தான் அதிகமாக அடிபடுபவை.

வீட்டில் இதை வாயுப் பிடிப்பு என்றோ தேய்மானம் என்றோ எடுத்துக்கொண்டு தைலம் போட்டு நீவி விடுவார்கள். அறுபது வயதைக் கடந்தவருக்குத் திடீரென்று நடுமுதுகில் வலி வந்து, படுத்தால் குறைந்து, எழுந்தாலும் புரண்டாலும் உயிர் போகிறது என்றால், அழுத்தி நீவவே கூடாது. முதல் வேலை ஓர் எக்ஸ்ரே.

உடைந்த முள்ளெலும்புக்குள் தோல் வழியாக ஊசி செலுத்தி, அதன் வழியே எலும்பு சிமென்ட்டை நிரப்பும் முறை 1984-இல் பிரான்சின் அமியென் நகரில் தொடங்கியது. எர்வே டெராமோன், பியர் கலிபேர் ஆகிய மருத்துவர்கள் கழுத்து முள்ளெலும்பில் இருந்த ஒரு ரத்தநாளக் கட்டிக்காக அதைச் செய்தார்கள். எலும்பு மெலிந்துபோகும் எலும்புப்புரை நோயால் வரும் முறிவுகளுக்கு அது பரவியது பிற்பாடுதான். இதற்குப் பெயர் வெர்டிப்ரோபிளாஸ்டி. 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் எலும்பு மருத்துவர் மார்க் ரைலி, சிமென்ட்டுக்கு முன் ஒரு பலூனை உள்ளே ஊதி இடம் உண்டாக்கும் முறையைக் கொண்டுவந்தார். அது கைஃபோபிளாஸ்டி. இரண்டிலும் தையல் போடுகிற அளவுக்குக் கூட வெட்டு இருக்காது.

படி 1: வலிக்கும் இடமும் உடைந்த இடமும் ஒன்றுதானா?

மற்ற எல்லாப் படிகளையும் விட இது முக்கியம். எழுபது வயதில் எக்ஸ்ரே எடுத்தால் என்றைக்கோ அமுங்கி, தானாகவே ஆறிப்போன எலும்பு ஒன்றிரண்டு தெரிவது சகஜம். அவற்றில் சிமென்ட் வைத்தால் வலி குறையாது. ஆறாத, புது முறிவைக் கண்டுபிடிக்க எம்ஆர்ஐ வேண்டும். அதிலும் "ஸ்டிர்" என்ற வகைப் படம் கட்டாயம். புது முறிவில் எலும்புக்குள் நீர் கோத்திருக்கும். ஸ்டிர் படத்தில் அந்த எலும்பு வெள்ளையாக ஒளிரும், டி1 என்ற இன்னொரு வகை எம்ஆர்ஐ படத்தில் (இது எலும்பின் பெயரல்ல) அதே எலும்பு கறுத்துக் காட்டும். பழைய முறிவு பக்கத்து எலும்புகளைப் போலவே இருக்கும். ஸ்கேன் சென்டருக்குக் கடிதம் தரும்போதே "ஸ்டிர் வேண்டும், முழு முதுகெலும்பும் ஒரு பார்வை வேண்டும்" என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். இடுப்பு முதுகை மட்டும் எடுத்து, மேலே டி8-இல் இருந்த முறிவைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பேஸ்மேக்கர் காரணமாக எம்ஆர்ஐ எடுக்க முடியாதவர்களுக்கு சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

பிறகு மருத்துவர் விரலால் முதுகின் நடுக்கோட்டில் ஒவ்வொரு முள்ளாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒளிரும் எலும்புக்கு நேராகவோ அதை ஒட்டியோ வலி சுரீரென்று இழுத்தால் கணக்கு சரி. படத்தை மட்டும் பார்த்துவிட்டு, முதுகைத் தொடாமலேயே தேதி குறித்தால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

நம் நாட்டில் கூடுதலாக ஒரு எச்சரிக்கை தேவை. முதுகெலும்புக் காசநோயும் இதே மாதிரி எலும்பை அமுக்கும். பொதுவாக அதில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டும் சேர்ந்து அரிக்கப்பட்டிருக்கும், மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இருக்கலாம். கிருமி இருக்கிற எலும்பில் சிமென்ட் வைத்தால் அது கிருமிக்கு நிரந்தரக் கூடாகிவிடும். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயும், வேறு உறுப்புகளிலிருந்து பரவிய புற்றுநோயும் எலும்புப்புரை வேடத்தில் வரும். ஆகவே உடம்பில் அழற்சி இருந்தால் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின், வைட்டமின் டி, மைலோமாவைத் தேட உதவும் புரத எலக்ட்ரோஃபோரசிஸ் ஆகிய ரத்தப் பரிசோதனைகளை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

படி 2: எவ்வளவு நாள் பொறுப்பது?

பெரும்பாலான அமுக்க முறிவுகள் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தாமாகவே ஆறும். முதலில் செய்ய வேண்டியது வலி மருந்து, ஒரு சில நாள் மட்டும் ஓய்வு, பிறகு இடுப்புப் பட்டையோடு மெல்ல நடமாட்டம். பாராசிட்டமால்தான் அடிப்படை. டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகளை வயதானவர்களுக்கு வாரக்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகமும் வயிறும் கெடும். டிரமடால் வலியைக் குறைக்கும். ஆனால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் வரும், தலைசுற்றி இன்னொரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு போகும். படுக்கையிலேயே கிடப்பது அதைவிட மோசம். நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், எலும்பு இன்னும் மெலியும்.

ஆராய்ச்சிகள் சொல்வதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் பாதிப் பேருக்கு உண்மையான வெர்டிப்ரோபிளாஸ்டியும் மீதிப் பேருக்குப் போலிச் சிகிச்சையும் தரப்பட்டது. போலிக் குழுவுக்கும் அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டு, முதுகை அழுத்தி, சிமென்ட் திரவத்தின் காட்டமான வாசனை மூக்கில் படும்படி புட்டியைத் திறந்து வைத்தார்கள். சிமென்ட் மட்டும் உள்ளே போகவில்லை. இரண்டு குழுவினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் ஒரு வருடம் வரை பழைய முறிவுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. 2016-இல் ஆஸ்திரேலியாவில், ஆறு வாரத்துக்குள் ஆன முறிவும் கடுமையான வலியும் உள்ள 120 பேரை மட்டும் எடுத்துப் பார்த்தபோது சிமென்ட் வைத்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. 2018-இல் நெதர்லாந்தில் 180 பேரிடம் நடந்த ஆய்வில் மறுபடியும் வித்தியாசம் இல்லை.

இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இது: முதுகு அமுங்கிய எல்லோருக்கும் இது தேவையில்லை. முறையான வலி மருந்து எடுத்தும் படுக்கையை விட்டு எழ முடியாமல், முறிவு புதியது என்று எம்ஆர்ஐ உறுதி செய்து, தட்டிப் பார்த்த இடமும் ஒத்துப்போகிறவர்களுக்கு இது நியாயமான வழி. வலிக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலைக்குப் போனவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே யோசிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்துவருகிறவர் காத்திருக்கலாம். எலும்புக்குள் ஆறாமல் ஒரு வெற்றிடம் உண்டாகி, நிற்கும்போதும் படுக்கும்போதும் அது திறந்து மூடுகிற நிலை ஒன்று உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு மாதங்கள் கழித்துச் செய்தாலும் நல்ல பலன் கிடைப்பதைப் பார்க்கிறோம்.

செய்யவே கூடாதவர்கள்: உடம்பில் எங்காவது கிருமித் தொற்று இருப்பவர்கள், ரத்தம் உறைவதில் சரிசெய்ய முடியாத கோளாறு உள்ளவர்கள், வலியே இல்லாதவர்கள். உடைந்த துண்டு பின்னால் தள்ளித் தண்டுவடத்தை நெருக்கி, கால் பலவீனமோ சிறுநீர் அடைப்போ வந்திருந்தால் அவர்களுக்குத் தேவை சிமென்ட் மட்டுமல்ல, நெருக்கத்தை விடுவிக்கும் அறுவை சிகிச்சை. "வருமுன் காப்போம்" என்று உடையாத எலும்புகளிலும் வரிசையாகச் சிமென்ட் வைக்க யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம்.

படி 3: வெறும் சிமென்ட்டா, பலூனா?

வலி குறைவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பலூன் முறையில் சிமென்ட் கசிவு குறைவு, ஏனென்றால் பலூன் உண்டாக்கிய குழிக்குள் கெட்டியான சிமென்ட்டைக் குறைந்த அழுத்தத்தில் வைக்க முடிகிறது. எலும்பின் உயரமும் ஓரளவு மீளலாம். பலூனைச் சுருக்கும்போது அதில் கொஞ்சம் திரும்ப இறங்கிவிடும். பலூன் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் பொருள், செலவில் பெரும் பங்கு அதற்குத்தான். புது முறிவு, நன்றாக அமுங்கிய எலும்பு, கூன் விழ ஆரம்பித்திருக்கிறது, பின்சுவரில் விரிசல் என்றால் பலூனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குக் காரணம் உண்டு. லேசாக அமுங்கிய எலும்புக்கு வெர்டிப்ரோபிளாஸ்டியே போதும். சேர்வதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: பேக்கேஜில் பலூன் அடக்கமா, எத்தனை எலும்புக்கு, பயாப்சி கட்டணம் தனியா, காப்பீட்டில் முன் அனுமதி கிடைத்ததா.

படி 4: முந்தைய நாட்கள்

ரத்தத்தை இளக்கும் மருந்துகள்தான் இங்கே கவனிக்க வேண்டியது. வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றைப் பொதுவாக ஐந்து நாள் முன்பே நிறுத்துவார்கள். ஆனால் சமீபத்தில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்திவிடக் கூடாது. இதய மருத்துவர் எழுதித் தர வேண்டும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற எண் 1.5-க்குக் கீழும் தட்டணுக்கள் 50,000-க்கு மேலும் இருப்பதைப் பார்த்துக்கொள்வார்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளில் அன்று காலை எதைப் போடலாம் என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். கவிழ்ந்து படுக்க முடியாத அளவுக்கு மூச்சுத் திணறலோ தோள் வலியோ இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பென்சிலின், செஃபலோஸ்போரின் ஒவ்வாமை இருந்தாலும் அப்படியே. தோலைத் துளைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை நரம்பில் ஏற்றுவார்கள்.

படி 5: தியேட்டருக்குள் நடப்பது

நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, மார்புக்குக் கீழும் இடுப்புக்குக் கீழும் திண்டு கொடுப்பார்கள். வயிறு அழுத்தமில்லாமல் தொங்க வேண்டும். முதுகு பின்னோக்கி வளைவதால் அமுங்கிய எலும்பு அந்த நிலையிலேயே கொஞ்சம் திறக்கும். எலும்பு மெலிந்தவரைத் தூக்கிப் புரட்டும்போது விலா எலும்பு உடைந்துவிடலாம் என்பதால் நான்கு பேர் சேர்ந்து மெதுவாகத் திருப்புவது நல்லது. ஒன்றிரண்டு எலும்பு என்றால் அந்த இடத்தை மரக்கச் செய்து, லேசான தூக்க மருந்தோடு முடிப்பார்கள். அதற்கு மேல் என்றாலோ அசையாமல் படுக்க முடியாது என்றாலோ முழு மயக்கம். ஓர் எலும்புக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவியில் எலும்புகளை எண்ணி, எம்ஆர்ஐ படத்தோடு ஒப்பிட்டு, சரியான எலும்பைக் குறிப்பார்கள். சிலருக்கு இடுப்பு முதுகெலும்பு ஐந்துக்குப் பதில் நான்கோ ஆறோ இருக்கும். எண்ணிக்கையில் தவறு நேர்வது அங்கேதான்.

நேர்ப் படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இருபுறமும் இரண்டு முட்டை வடிவ நிழல்கள் தெரியும். அவை பெடிக்கிள் என்ற எலும்புத் தூண்கள். அவற்றின் வழியாகத்தான் ஊசி உள்ளே போகும். தோலிலிருந்து எலும்பின் மேற்படலம் வரை மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போட்டு, ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கீறி, 11 கேஜ் ஊசியை வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி இறக்குவார்கள். மார்பின் மேல்பகுதி எலும்புகளுக்கு இன்னும் மெல்லிய 13 கேஜ் ஊசி. இடதுபுறத் தூணில் கடிகாரத்தின் பத்து மணி இடத்திலும், வலதுபுறத் தூணில் இரண்டு மணி இடத்திலும் நுழைவது வழக்கம். இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. பக்கவாட்டுப் படத்தில் ஊசி முனை எலும்பின் பின்சுவரைத் தாண்டும் வரை, நேர்ப் படத்தில் அது அந்த முட்டை நிழலின் உட்புற ஓரத்தைத் தாண்டவே கூடாது. தாண்டினால் ஊசி தண்டுவடக் குழாய்க்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே போனதும் அதே ஊசி வழியாகச் சிறு எலும்புத் துண்டைப் பயாப்சிக்கு எடுத்துவிட வேண்டும். கூடுதல் காயம் எதுவும் இல்லை, சில நிமிட வேலை. சந்தேகமில்லாத எலும்புப்புரை என்று நினைத்தவரிடம் மைலோமா பிடிபடுவது இதில்தான்.

பலூன் முறை என்றால் இருபுறமும் சுருங்கிய பலூன்களைச் செருகி, எக்ஸ்ரேயில் தெரியும் சாயத் திரவத்தால் மெல்ல ஊதுவார்கள். எலும்பு நிமிர்ந்தாலோ, பலூன் எலும்பின் ஏதாவது ஒரு சுவரைத் தொட்டாலோ, அழுத்தமோ கொள்ளளவோ பலூனுக்குக் குறித்த எல்லையை எட்டினாலோ அங்கேயே நிறுத்த வேண்டும்.

இனி சிமென்ட். பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட் பொடியும் அதன் திரவமும் தனித்தனியாக வரும். கலந்தவுடன் இறுக ஆரம்பித்துச் சூட்டை வெளிவிடும். முதுகெலும்புக்கான சிமென்ட்டில் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியவைக்கும் பேரியம் சல்பேட்டை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்த்திருப்பார்கள். இடுப்பு மூட்டுக்கு வைக்கும் சாதாரணச் சிமென்ட்டில் அது பத்து சதவீத அளவில்தான் இருக்கும். அதனால் அந்தச் சாதாரணச் சிமென்ட் எக்ஸ்ரேயில் மங்கலாகத் தெரியும், கசிவது கண்ணில் படாது. விலை குறைவு என்று அதை இங்கே பயன்படுத்தக் கூடாது.

கலந்த புதிதில் சிமென்ட் தண்ணீராக ஓடும். அப்போது செலுத்தினால் கிடைக்கிற முதல் ரத்தநாளத்தில் புகுந்துவிடும். பற்பசை பதத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். குழாயிலிருந்து கொஞ்சம் பிதுக்கினால் சொட்டாமல் நுனியிலேயே நிற்க வேண்டும், கையுறையில் ஒட்டக் கூடாது. அறை சூடாக இருந்தால் சீக்கிரம் இறுகும் என்பதால் தியேட்டரின் குளிர்நிலை இங்கே நேரடியாக வேலையைப் பாதிக்கிறது. பதம் வந்த பிறகு கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். பக்கவாட்டு எக்ஸ்ரேயைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே, கால் மில்லியை விடக் குறைவாகச் சிறுகச் சிறுகச் செலுத்துவார்கள். முன்புறத்திலிருந்து பின்புறமாக நிரம்பிவரும் சிமென்ட், எலும்பின் பின்புறக் கடைசி நாலில் ஒரு பகுதியை எட்டியதும் கை நிற்க வேண்டும். மார்பு எலும்புக்கு 2 முதல் 4 மி.லி., இடுப்பு முதுகெலும்புக்கு 4 முதல் 6 மி.லி. என்பது பொதுவான அளவு. படம் அழகாக வர வேண்டும் என்று முழுதாக நிரப்புவதால் வலி கூடுதலாகக் குறையாது, கசிவுதான் கூடும்.

நடுவில் எங்காவது கசிவு தெரிந்தால் உடனே நிறுத்தி, ஒரு நிமிடம் போல விட்டால் கசிந்த முனை இறுகி அந்த வழி அடைபடும். ஊசியைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி தொடரலாம். அப்போதும் கசிந்தால் அத்தோடு முடித்துவிடுவதே சரி. கடைசியில் மேசையில் மீந்திருக்கும் சிமென்ட் கல்லாகும் வரை காத்திருந்து, ஊசியை ஒரு திருகு திருகி எடுப்பார்கள். அவசரப்பட்டு உருவினால் ஊசிப் பாதையில் சிமென்ட் வால் போலத் தொங்கி, பிறகு தசையைக் குத்திக்கொண்டே இருக்கும்.

சிமென்ட் செலுத்தப்போகிறோம் என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் தள்ளப்பட்டு அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் சரியலாம். ஒரே அமர்வில் மூன்று எலும்புகளுக்கு மேல் செய்யாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

எது தவறலாம்

சிமென்ட் கசிவு அடிக்கடி நடப்பதுதான், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எங்கே கசிந்தது என்பதுதான் கேள்வி. வட்டுக்குள் போனால் பக்கத்து எலும்பு உடையும் வாய்ப்பு கூடலாம். நரம்பு வெளியேறும் துளையில் போனால் காலில் மின்னல் வெட்டுவது போன்ற வலி. தண்டுவடக் குழாய்க்குள் அதிகமாகப் போய்க் கால் செயலிழந்தால் அது அவசர அறுவை சிகிச்சைக்கான நிலை. அதனால்தான் அந்த வசதி இல்லாத இடத்தில் இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்கிறோம். ரத்தநாளம் வழியாக நுரையீரலுக்குச் சிறு துணுக்குகள் போவதும் உண்டு. பலருக்கு எந்தத் தொந்தரவும் தராது, அரிதாக உயிருக்கு ஆபத்தாகும். புற்றுநோயால் அரிக்கப்பட்ட எலும்பில் சுவர்களே ஓட்டையாக இருப்பதால் சிக்கல்கள் அதிகம்.

வீடு திரும்பிய பின் கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் போகாமை, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் ஓபி வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

படி 6: அன்றும் அடுத்த வாரங்களும்

ஒன்றிரண்டு மணி நேரம் மல்லாந்து படுத்திருந்துவிட்டு, கால்விரல் அசைவைச் சோதித்த பின் எழுந்து நடக்கலாம். அன்று மாலையோ மறுநாளோ வீடு. ஊசி போன இடத்தில் தசை வலி இரண்டு மூன்று நாள் இருக்கும். முன்பு இருந்த முறிவு வலி ஒன்று முதல் மூன்று நாளில் குறையத் தொடங்கும். பிளாஸ்திரியை ஓரிரு நாளில் எடுத்துவிட்டுக் குளிக்கலாம், குளத்திலோ கிணற்றிலோ இறங்கி முங்க ஒரு வாரம் போகட்டும். ஆறு வாரத்துக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்குவதும், தரையில் குனிந்து கூட்டுவதும், டூவீலரின் பின்சீட்டும் வேண்டாம். இந்தியக் கழிப்பறைக்குப் பதில் வெஸ்டர்ன், இல்லையென்றால் அதற்கென்று விற்கும் நாற்காலி. சிமென்ட்டில் காந்தம் இழுக்கும் உலோகம் இல்லாததால் பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கத் தடையில்லை.

இத்தோடு சிகிச்சை முடிந்தது என்று நினைப்பதுதான் நாங்கள் பார்க்கும் பெரிய தவறு. சிமென்ட் ஓர் எலும்பைத் தாங்குகிறது. எலும்புப்புரை மற்ற எல்லா எலும்புகளிலும் அப்படியே இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களில் ஒரு முள்ளெலும்பு புதிதாக உடைந்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்று உடைகிறது என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. லேசான அடியில் முள்ளெலும்பு உடைந்ததே எலும்புப்புரைக்குப் போதுமான சான்று. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் எண் நன்றாக இருக்கிறது என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த ஸ்கேனில் சிமென்ட் வைத்த எலும்பைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள், அது பொய்யாக அடர்த்தியைக் கூட்டிக் காட்டும்.

வைட்டமின் டி குறைவை முதலில் சரிசெய்துவிட்டு எலும்பு மருந்து தொடங்குவார்கள். அலெண்ட்ரோனேட் வாரம் ஒருமுறை 70 மி.கி.: காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், காபியோடு போட்டால் மருந்து வீண். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருடம் ஒருமுறை ஜோலெட்ரானிக் அமிலம் 5 மி.கி. நரம்பு வழியாக, சிறுநீரகம் சரியாக இருந்தால். எலும்பை வளர்க்கும் டெரிபாரடைட் தினமும் 20 மைக்ரோகிராம் தோலடி ஊசி, பொதுவாக இரண்டு வருடம் வரை. எலும்பில் புற்றுநோய் இருப்பவருக்கும் கதிர்வீச்சு பெற்றவருக்கும் கூடாது. டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மி.கி. இதில் ஒரு தவணையைத் தவறவிட்டாலோ பாதியில் நிறுத்தினாலோ எலும்பு வேகமாகக் கரைந்து, பல முள்ளெலும்புகள் ஒன்றாக உடையலாம். காலண்டரில் அடுத்த தேதியைக் குறித்துவிட்டுத்தான் முதல் ஊசியே போட வேண்டும். பல் பிடுங்கும் வேலை பாக்கி இருந்தால் ஜோலெட்ரானிக் அமிலத்துக்கும் டெனோசுமாபுக்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

எந்த எலும்பில், எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை மி.லி. சிமென்ட், எங்கே கசிந்தது, பயாப்சி முடிவு என்ன என்ற ஐந்தும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். சி-ஆர்மில் எடுத்த கடைசிப் படங்களையும் கேட்டு வாங்குங்கள். நன்றாக இருந்தவருக்குச் சில வாரம் கழித்துத் திடீரென்று புது வலி வந்தால் "பழைய இடம்தான்" என்று மாத்திரையோடு விட்டுவிடாமல், அந்தப் படங்களோடு போய் மறுபடியும் ஸ்டிர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து எலும்பு உடைந்திருப்பதுதான் முதலில் தேட வேண்டியது.